தூணில் ஒட்டிய லேபிள்

யார் இதை முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால், கலவை அறையின் பதினொரு பெண்களும் பதினொரு பக்கம் பார்ப்பார்கள். பாவம், அவர்களுக்கு அக்காவைக் காட்டிக்கொடுக்க மனசு வராது. சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது? ஆரம்பித்தது கலவை அக்காதான்.

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினாறு வருஷம். மாவும் சர்க்கரையும் பால் பவுடரும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு என்பதால் அந்தப் பேர். அவளுடைய நிஜப் பேரை கேட்டில் நிற்கும் காவலாளிகூட அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார். வேலையில் கெட்டிக்காரி. மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், "அடியில பவுடர் கட்டிக்கிச்சு, நிறுத்துடி" என்பாள். திறந்து பார்த்தால் கட்டியிருக்கும். இந்தக் காரியத்தைச் செய்ததும் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான். மந்தமான ஆளாக இருந்திருந்தால் சொன்னதைச் செய்துவிட்டுப் போயிருப்பாள்.

சொன்னது இதுதான். ஒவ்வொரு மூட்டையிலும் கறுப்புக் கோடுகள் போட்ட லேபிள் ஒன்று இருக்கும். மூட்டையின் வாயை வெட்டுவதற்கு முன் ஸ்கேனர் துப்பாக்கியை அதன்மேல் காட்ட வேண்டும். 'டிக்' என்று சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும். எந்தக் கம்பெனியின் எந்த லாட் மூட்டை, அதாவது எந்தத் தொகுதியில் தயாரானது, எந்த நாள் எந்த மணிக்கு, எந்தக் கலவைக்குள் போனது என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். நாளைக்கே யாராவது ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதன் முதுகில் இருக்கும் எண்ணைத் தட்டினால் போதும், மூட்டைவரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம். அருமையான ஏற்பாடு. அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஒருநாளாவது கலவை அறையில் வந்து நின்று பார்த்திருக்கலாம்.

பால் பவுடர் பறக்கும் அறை அது. பத்து மூட்டை வந்தால் ஆறு மூட்டையின் லேபிள் கசங்கியிருக்கும், இல்லாவிட்டால் பவுடர் அப்பியிருக்கும். துப்பாக்கி காட்டினால் 'கீ' என்று அழும். அப்புறம் கையுறையைக் கழற்றி, பதினாறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். ஒன்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அதற்குள் கலவை மெஷின் காத்திருக்கும், அடுப்புக்குள் போகும் பெல்ட் காலியாக ஓடும், மேலே கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் கையை ஆட்டுவார். ஒருநாள் கலவை அக்காவுக்குப் பொறுமை போயிற்று. காலையில் பிரித்த முதல் மூட்டையிலிருந்து நல்ல லேபிள் ஒன்றை உரித்து, கண் உயரத்தில் தூணில் ஒட்டினாள். அதற்குப் பிறகு எந்த மூட்டையை வெட்டினாலும் துப்பாக்கி தூணைத்தான் பார்த்தது. டிக். டிக். டிக். ஒரு தடவைகூட அழவில்லை.

ஒரு ஷிஃப்டில் வரும் மூட்டைகள் பெரும்பாலும் ஒரே லாட்தான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தினமும் காலையில் பழைய லேபிளைக் கிழித்துவிட்டுப் புது லேபிள் ஒட்டுவது, விளக்குப் போடுவது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எல்லாரையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது தர அதிகாரி. வயதில் சின்னவள்தான், எதைக் கண்டாலும் பரிசோதனைக்கு எடுத்துப்போவதால் 'டெஸ்ட் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"பால் பவுடர் கம்பெனியிலேர்ந்து கடிதம் வந்திருக்கு. அவங்க மெஷின்ல நம்ம பவுடருக்கு முன்னாடி வேர்க்கடலை மாவு ஓட்டியிருக்காங்க. சரியா கழுவல. நமக்கு வந்த ஒரு லாட்ல கடலை கலந்துருச்சு."

"கடலைதானே மேடம், சத்துதானே?" என்று சிரித்தான் ஒருவன்.

"உனக்கும் எனக்கும் சத்து. அது ஒத்துக்காதவங்களுக்கு ஒரு சிட்டிகை போதும், தொண்டை வீங்கி மூச்சு நின்னுரும். நம்ம பாக்கெட்ல கடலைன்னு ஒரு எழுத்து இல்ல. நம்பி வாங்குவாங்க." சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். "ஆனா பயப்படாதீங்க. சிஸ்டத்துல பார்த்துட்டேன். அந்த லாட் நேத்து, புதன்கிழமை மட்டும்தான் கலவைக்குப் போயிருக்கு. நேத்துப் போட்ட சரக்கு ஒரு பெட்டிகூட வெளிய போகல. முந்நூத்திப் பன்னெண்டு பெட்டிக்கும் சிவப்பு டேப் சுத்தியாச்சு."

அறை முழுக்க ஒரு பெருமூச்சு. மேனேஜர் மேஜையைத் தட்டி, "இதுக்குத்தான்யா அந்த சிஸ்டத்த வாங்கி வச்சது!" என்றார்.

கலவை அக்கா மட்டும் பெருமூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டோர்க்காரன் கொண்டுவந்து போட்ட மூட்டைகளில் சிலதுக்கு வாய்த் தையல் நீல நூலில் இருந்தது. அதற்கு முன் வந்ததெல்லாம் வெள்ளை நூல். "இதென்னடி, இன்னிக்கு நீலத்துல வந்திருக்கு?" என்று அவளே கேட்டது ஞாபகம் வந்தது. புது லாட் அப்போதே வந்துவிட்டது. தூணில் ஒட்டியிருந்ததோ காலையில் ஒட்டிய பழைய லாட்டின் லேபிள். நீல நூல் மூட்டைக்கும் வெள்ளை நூல் மூட்டைக்கும் அதே டிக்தான். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், பாவம். காட்டினதை எழுதிக்கொண்டது.

ஆகக்கூடி, கடலை செவ்வாய்க்கிழமை பிஸ்கட்டிலும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சரக்கு இன்றைக்கு லாரி ஏறப்போகிறது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்கூட. ஆனால் மூடிக்கொண்டாள். போன வருஷம் எடைபோடுகிற ஆள் ஒருவன், எடை பார்க்காமலே எடை எழுதினான் என்று ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தான். இதைச் சொன்னால் தூண் வெளியே வரும். தூண் வெளியே வந்தால் அவளோடு போகுமா? பதினொரு பேரும் இரண்டு வருஷமாகத் தூணைப் பார்த்துச் சுட்டவர்கள்தானே. ஒருத்திக்குக் கைக்குழந்தை. ஒருத்திக்கு இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. 'முதல்ல நிச்சயம் பண்ணிப்போம், சும்மா கிடக்கிற சங்கை ஊதுவானேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயத்துக்குப் பொறுப்பு என்று பேர் வைத்துக்கொண்டால் நடக்கச் சுலபமாக இருக்கிறது.

நிச்சயம் பண்ணவும் செய்தாள், அதைச் சொல்ல வேண்டும். பின்கட்டில் கிழமைவாரியாகக் கட்டிவைத்த குப்பைப் பைகளில் செவ்வாய்க்கிழமைப் பையைத் தேடி எடுத்து, தரையில் கவிழ்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துழாவினாள். நீல நூல் கிடைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. மணி பத்து அடிக்கப் பத்து நிமிஷம். இனி சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

அங்கிருந்து தர அதிகாரியின் அறைக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. லாரி நிற்கும் பக்கம் போனாள்.

அங்கே பொறுப்பு அவள் கொழுந்தன். வீட்டுக்காரரின் தம்பி. அவளே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவன். எதையும் ஓடிக்கொண்டே செய்வான், 'அவசரம்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெட்டி ஒவ்வொன்றும் லாரிக்குள் போகும்போது அவன் கையிலிருந்த துப்பாக்கி டிக் டிக் என்றது. இவன் ஒழுங்காகத்தான் சுட்டுக்கொண்டிருந்தான், ஒவ்வொரு பெட்டியையும் அதனதன் லேபிளில்.

"தம்பி, இந்த லாரி மத்தியானத்துக்கு மேல போனா ஆகாதா?"

"என்ன அண்ணி, விளையாடுறீங்களா? பதினஞ்சு கடை காத்திட்டிருக்கு. டிரைவர் வேற கத்துறான்."

"இல்ல... சும்மாதான் கேட்டேன். நேத்துப் போட்ட சரக்குல பிரச்சினை ஆச்சே, அதான்."

"அது நேத்துச் சரக்கு அண்ணி. இது செவ்வாய்க்கிழமைது, சுத்தம். மேடமே கையெழுத்து போட்டாச்சு." அவன் ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன், ஏதாச்சும் விஷயமா?"

அவன் கேட்டான். கேட்காமல் இல்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "ஒன்னுமில்ல, நீ வேலையப் பாரு" என்றாள். பதினொன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் லாரி கேட்டைத் தாண்டியது. காவலாளி சலாம் போட்டார்.

மூன்று மணிக்குத் தர அதிகாரி ஒரு காகிதத்தோடு கலவை அறைக்கு வந்தாள். காலையைவிடக் களைத்திருந்தாள்.

"அக்கா, ஸ்டோர்ல எண்ணிப் பார்த்தேன். அந்தக் கெட்ட லாட்ல ஆறு மூட்டை குறையுது. பழைய லாட்ல ஆறு மூட்டை அதிகமா இருக்கு. இறக்கும்போது மாத்தி எண்ணியிருப்பாங்க. உங்களுக்கும் அப்படித்தான் தோணுதுன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுருங்க, ஃபைல மூடிரலாம்."

பேனாவை வாங்கினாள். பேரின் முதல் எழுத்தைப் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை. ஒரு பொய்யை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது வேறு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது வேறு என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. இரண்டும் ஒன்றுதான் என்று அப்புறம் தெரிந்தது.

"எண்ணினது தப்பில்ல மேடம்" என்று ஆரம்பித்தாள். தூணைக் காட்டினாள். நீல நூலைச் சொன்னாள். பெண்கள் எல்லாம் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு நின்றார்கள். "எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாங்க. இவங்கள ஒன்னும் கேக்காதீங்க."

தர அதிகாரி கத்தவில்லை. முகம் வெளுத்துப்போய், "எப்ப ஞாபகம் வந்துச்சு உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பதான் மேடம்."

இரண்டே வார்த்தை. தர அதிகாரி காகிதத்தின் ஓரத்தில் 'மூன்று மணி' என்று எழுதிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்தக் கறுப்புக் கோடுகளைக் கும்பிடத் தோன்றும். கொழுந்தன் சுட்ட சுடுதலில் எந்தப் பெட்டி எந்தக் கடையில் இறங்கியது என்று அத்தனையும் இருந்தது. நான்கு பேர் நான்கு போனில் உட்கார்ந்து பதினைந்து கடைக்கும் பேசினார்கள். பதினான்கு கடையில் பெட்டியே பிரிக்கவில்லை. பதினைந்தாவது கடைக்காரர், "பிரிச்சேன், ஒரு பாக்கெட் வித்திருக்கேன். ஸ்கூல் விட்டு வந்த பொண்ணு, இப்பதான் வாங்கிட்டுப் போனா, பின்னாடி தெருதான்" என்றார். மணி நாலு இருபது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார் அந்த மனுஷன். அந்தப் பெண்ணுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. அவர் போனபோது அது வாசற்படியில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று பிஸ்கட் தின்றிருந்தது.

கடலைதான் என்று தெரிந்ததால் ஆஸ்பத்திரியில் டாக்டர் தாமதிக்காமல் ஊசி போட்டார். இரண்டு நாள் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டது.

கலவை அக்காவை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூடத் தேவலை. மறுவாரம் மேனேஜர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "தப்பு செஞ்சது பெரிசில்ல, தைரியமா வந்து சொன்னாங்க பாரு, அதான் பெரிசு. ஒரு குழந்தை உசிரு இவங்களாலதான் நின்னுச்சு" என்றார். கைதட்டினார்கள். தூணைச் சுரண்டி வண்ணம் பூசினார்கள். பவுடரிலும் படிக்கிற புதுத் துப்பாக்கிகள் வந்தன, லேபிளுக்குப் பிளாஸ்டிக் உறை வந்தது. இத்தனையும் முன்பே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, யாரும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். காய் வாங்கப் போனால், "உங்க வீட்ல நல்ல காரியம் பண்ணாங்களாமே" என்று காய்க்கடைக்காரர் விசாரித்ததாகச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

கைதட்டாமல் நின்ற ஒரே ஆள் கொழுந்தன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"அண்ணி. அன்னிக்குக் காலையில லாரிய நிறுத்தச் சொன்னீங்களே. இதுக்குத்தானே?"

அவள் கையிலிருந்த கவளத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அண்ணன்கிட்டகூட." "ஆனா நான் உங்ககிட்ட 'ஏதாச்சும் விஷயமா'ன்னு கேட்டேன் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டயரக் கழட்டிப் போட்டிருப்பேன். வேலை போனாலும் போகட்டும்னு போட்டிருப்பேன். அந்தப் பெட்டிய நான்தான் ஏத்தினேன்."

"தெரியும்பா."

"தூக்கம் வரல அண்ணி."

எழுந்து போய்விட்டான். அன்றைக்கு அவன் நடந்துதான் போனான், ஓடவில்லை. தன் தப்புக்கு இவன் ஏன் தூக்கம் கெட வேண்டும் என்று நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம் என்றால், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. அந்த ஆறு நூலும் கையில் இருந்த நேரத்துக்குப் போக முடிந்தால் போயிருப்பாள், முழங்காலிட்டாவது. அதுதான் முடியாதே.

அந்த வாரக் கடைசியில் தர அதிகாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, அந்தப் பொண்ணோட அம்மா போன்ல இருக்காங்க. சொன்னவங்ககிட்ட பேசியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பேசுங்க."

வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் ரிசீவர் காதுக்கு வந்துவிட்டது.

"அக்காவா?" என்றது ஒரு மெல்லிய குரல். "நான் யாருன்னு சொல்லியிருப்பாங்க. இன்னிக்குத்தான் ஸ்கூலுக்குப் போகப் போறா. குரல் இன்னும் கொஞ்சம் கம்மியிருக்கு, சரியாயிரும்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல அக்கா. வேலை போயிரும்னு தெரிஞ்சும் ஞாபகம் வந்த உடனே போய்ச் சொன்னீங்களாமே. யாரு செய்வா இந்தக் காலத்துல?"

ஞாபகம் வந்த உடனே. 'பரவால்லம்மா, பொண்ண நல்லாப் பாத்துக்கோங்க' என்று சொல்லி வைத்திருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம், இறக்கிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. இந்த அம்மாவை விட்டால் வேறு யாரிடம் சொல்வது? சொன்னால் திட்டுவாள். திட்டட்டும், வயிறு எரிந்து சாபம் கொடுக்கட்டும். அப்படியாவது கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தாள்.

"உடனே இல்லம்மா" என்றாள். "காலையில எட்டரைக்கே எனக்குத் தெரியும். பத்து மணிக்கு நிச்சயமாவும் தெரிஞ்சுபோச்சு. லாரி பதினொன்னு அஞ்சுக்குத்தான் போச்சு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். பயந்துட்டேன். அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பாக்கெட் உங்க தெருவுக்கே வந்திருக்காது. என்ன மன்னிச்சிருங்க."

எதிரே தர அதிகாரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

போனின் அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக் குரல், கம்மிய குரல், "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று கேட்டது. "கட்டில் மேல இருக்கு பாரு செல்லம்" என்றாள் அம்மா. குழாயை மூடினாள். திட்டு வரும் என்று கலவை அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"இத நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள் அந்த அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். "ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு நாளும், அதுக்கப்புறமும், உங்கள நெனச்சிட்டுத்தான் தூங்கினேன். முகம் தெரியாத யாரோ ஒருத்தங்க என் பிள்ளைக்காகப் பயப்படாம நின்னாங்கன்னு. மறுபடி கடையில ஒரு பொருள் வாங்க அந்த ஒரு நெனப்புதான் எனக்குத் தெம்பா இருந்துச்சு. உங்களுக்கு மனசு லேசாயிருச்சு, சரி. நான் இனிமே யார நம்பி அவளுக்குச் சாப்பாடு கொடுக்கிறது அக்கா?"

அந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்தாள் போலிருக்கிறது, போனை உடனே வைக்கவில்லை.